வலியுறுத்தல் பேரவையும் கடைசி மாலையும்

போகிற தொரைக்கு இருக்கிற நல்ல மனசு வருகிற தொரைக்கு இருக்காது என்பது தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வருகிறவர் கணக்குப் பார்ப்பார். போகிறவருக்கு என்ன கவலை? அவர் வாரிக் கொடுத்துவிட்டுப் போவதை வருகிறவர்தானே சுமக்க வேண்டும். அதனால் ஒரு தொரை மாற்றலாகிப் போகும் நாளில் பங்களாவிலிருந்து தோட்டத்துக் கேட் வரைக்கும் ஆட்கள் மாலையோடு நிற்பார்கள். முதல் மாலை போடுகிறவருக்குப் படத்தில் இடம் கிடைக்கும். விவரம் தெரிந்தவர்கள் நேரே கேட்டுக்குப் போய்க் கடைசி ஆளாக நின்றுகொள்வார்கள். கடைசி மாலையைத் தொரை கழற்றக் கூடாது. தோட்டத்து எல்லை தாண்டும் வரை அது கழுத்தில் கிடக்க வேண்டும். போட்டவரைப் பார்த்து "என்னா வேணும்?" என்று அவர் கேட்கவும் வேண்டும். யார் வைத்த வழக்கமோ தெரியாது. ஆனால் எந்தத் தொரையும் மீறியதில்லை.

பெரியாயி அப்படித்தான் தன் புருசன் அழகருக்குப் போன வேலையை மீட்டாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் வாய்த்தகராறு செய்தார் என்று அவரை நிறுத்திவிட்டிருந்தார்கள். பெரியாயி கேட்டில் நின்றாள், மாலை போட்டாள். தொரை கேட்டார். "இவருக்கு வேல" என்றாள். ஜீப்பில் உட்கார்ந்தபடியே தொரை கிளாக்கரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். புதுத் தொரை பல்லைக் கடித்துக்கொண்டு அழகருக்கு வேலை கொடுத்தார். இந்தக் கதையைப் பெரியாயியின் மருமகள் கலாராணி கல்யாணமான புதிதில் கேட்டாள். கேட்டு மறந்தும் போனாள்.

அவள் புருசன் சுரேஸ் ஓட்டோ ஓட்டுகிறவன். ஒருநாள் யாரோ ஒருவர் அவனுடைய ஓட்டோவில் ஒரு பையை விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். சுரேஸ் நல்ல பிள்ளையாக அதைப் பொலிஸில் கொண்டுபோய்க் கொடுத்தான். "ஒரு சின்ன விசாரணை, மத்தியானம் விட்டுருவோம்" என்றார்கள். எந்த மத்தியானம் என்று சொல்லவில்லை. பயங்கரவாதத்தைத் தடுக்கிற சட்டம் என்று ஒன்று இருக்கிறதாம், அதில் அவனைப் போட்டார்கள். வழக்கு இல்லை, குற்றச்சாட்டு இல்லை. ஆள் மட்டும் வருசக்கணக்காகக் கொழும்பில் உள்ளே இருந்தான்.

முஷ்ரிபா என்ற இன்னொருத்தியின் புருசன் றில்வானும் அங்கேதான் இருந்தான். பதுளை டவுனில் போன் திருத்துகிற கடை வைத்திருந்தவன். யாரோ திருத்தக் கொடுத்த போனில், யாரோ யாருக்கோ அனுப்பிய ஏதோ ஒன்று இருந்ததாம். மாதம் ஒருமுறை ஆட்களைப் பார்க்கப் போகிற நாளில் முஷ்ரிபா பதுளையில் ரயில் ஏறி, தன் பக்கத்து இருக்கையில் குடையைப் போட்டு வைப்பாள். தெமோதரையில் கலாராணி ஏறியதும் குடையை எடுப்பாள். ஒருத்தி ரொட்டி கொண்டுவருவாள், மற்றவள் சம்பல் கொண்டுவருவாள். அப்படி ஒரு பயணத்தில்தான் கலாராணி கடைசி மாலைக் கதை ஞாபகம் வந்து முஷ்ரிபாவுக்குச் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்போது அவர்களுக்குள் போட்டி எதுவும் இல்லை.

போட்டியை உண்டாக்க ஒரு பேரவை தேவைப்பட்டது. பதுளையில் அதற்குக் குறைவில்லை. ஊவா மனித உரிமை வலியுறுத்தல் பேரவை என்பது ஒரு இரும்புக்கடையின் மேல்மாடியில் இயங்கி வருகிறது. தலைவர் தேசகீர்த்தி கந்தப்பன், ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. தேசகீர்த்தி என்ற பட்டத்தை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று கேட்பது அநாகரிகம். செயலாளர் ஜெஸீம், கடிகாரக் கடைக்காரர். ஆட்சிக்கு வந்த ஒவ்வொருவரையும் இந்தப் பேரவை ஏதாவது ஒன்றுக்காக வலியுறுத்தியிருக்கிறது. அதன் பலனாகச் சுவர் நிறையப் படங்கள் இருக்கின்றன.

ஆனாலும் கந்தப்பனின் மனதில் ஒரு முள் இருந்தது. பண்டாரவளையிலும் ஒரு பேரவை இருக்கிறது. அந்தப் பேரவைக்குச் சொந்தமாக ஒரு பாதிக்கப்பட்டவர் இருக்கிறார். ஜெனிவா வரைக்கும் போய் அழுதுவிட்டு வந்தவர். வெள்ளைக்காரத் தூதுவர் ஒருவர் அவருடைய தோளில் கைபோட்டபடி நிற்கும் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து கந்தப்பனுக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

இந்த நிலையில்தான், இனிமேல் போட்டியிடுவதில்லை என்று அறிவித்துவிட்ட ஜனாதிபதி, மக்களிடம் விடைபெறுவதற்காகப் பதுளைக்கு வருகிறார் என்று செய்தி வந்தது. அவருடைய பதவி முடிய ஒரு மாதம்தான் இருந்தது. மேடையில் பேரவைக்குச் சில நிமிடமும், பாதிக்கப்பட்டவர் ஒருவருக்கு இடமும் ஒதுக்கினார்கள்.

"ஒருத்தர்தான்" என்றார் கந்தப்பன். "ரெண்டு பேர் போனா கூட்டம் மாதிரி தெரியும். ஒருத்தர் போனாத்தான் சோகம் மாதிரி தெரியும்."

கலாராணியும் முஷ்ரிபாவும் ஒன்றாகத்தான் மாடிப்படி ஏறினார்கள். தெரிவுக்குழு அவர்களைத் தனித்தனியாக உட்காரவைத்துக் கேள்வி கேட்டது.

"வீடு எப்படி?" என்று கலாராணியிடம் கேட்டார் ஜெஸீம்.

"தோட்டத்து லயந்தானுங்க, வரிசையில ஒரு அற. மழ பேஞ்சா ஒழுகும்."

"எந்தப் பக்கத்தால ஒழுகும்?"

"எல்லாப் பக்கமுந்தாங்க."

ஜெஸீமுக்கு முகம் மலர்ந்தது. "படத்துக்கு நல்லா ஈக்கும். புள்ளைகள்?"

"இல்லீங்க."

ஜெஸீமின் முகம் வாடிவிட்டது. "அதுதான் கொஞ்சம் கொறயா ஈக்குது" என்று தலைவரைப் பார்த்தார். தலைவர் பெருமூச்சு விட்டார். பிள்ளை பெறாமல் பேரவையை இக்கட்டில் மாட்டிவிட்டோமே என்று கலாராணிக்கே வெட்கமாகப் போய்விட்டது.

முஷ்ரிபாவுக்குப் பெண்பிள்ளை உண்டு. ஹனா பிறக்கும் முன்பே தகப்பனைப் பிடித்துப் போய்விட்டார்கள். "அப்ப, வாப்பாவ ஊட்டுக்குள்ள கண்டதே இல்ல?" என்று ஜெஸீம் நாற்காலி நுனிக்கு வந்தார். "இல்ல" என்றாள் முஷ்ரிபா. கந்தப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பண்டாரவளையை வென்றுவிடலாம் என்று அவருக்கு முதல்தடவையாக நம்பிக்கை வந்தது. ஆனால் வீட்டைப் பற்றிக் கேட்டபோது, தரைக்கு மாபிள் போட்ட வீடு என்பது தெரியவந்தது. றில்வான் கல்யாணத்துக்கு முன்பு போட்டது.

"ஒழுகாதா?" என்றார் ஜெஸீம், ஏதாவது வழி இருக்குமா என்று.

"ஒழுகாது."

"கொஞ்சங்கூடவா?"

ஒன்றாக ஏறியவர்கள் முன்னும் பின்னுமாகப் படி இறங்கினார்கள். ஹனா தன் பிள்ளையாக இருக்கக் கூடாதா என்று கலாராணி நினைத்தாள். கலாராணியின் கூரையை நினைத்து முஷ்ரிபா வயிறெரிந்தாள். அல்லாஹ் தனக்கு எல்லாக் கஷ்டத்தையும் தந்தானே, ஒரு ஒழுக்கை மட்டும் தரவில்லையே என்று மனம் நொந்தாள். முடிவு சொல்ல முடியாமல் குழு இரண்டு பேரையும் ஒத்திகைக்கு வரச் சொன்னது. யாருடைய முகம் அன்றைக்குச் சரியாக வருகிறதோ அவரே மேடையில்.

ஒத்திகையில் கந்தப்பன் ஒரே ஒரு வாக்கியம்தான் கற்றுக்கொடுத்தார். கலாராணி முதலில், "எம் புருசன விட்டுருங்கய்யா" என்று சொன்னாள். கந்தப்பன் பதறிப் போனார்.

"அப்படிக் கேக்கக் கூடாதும்மா. கேக்குறது வேற, வலியுறுத்துறது வேற. கேட்டா ஆமான்னோ இல்லன்னோ ஒரு பதில் வரும். இல்லன்னு வந்தா பேரவைக்கு அவமானம். ஆமான்னு வந்துட்டா, அடுத்த வருசம் நமக்கு என்ன வேல? வலியுறுத்துனா ஒரு பதிலும் வராது. நான் தலைவரா இருந்த காலத்துல ஒரு தடவகூட வந்ததில்ல."

ஆகவே "விட்டுருங்க" என்பது "விடுதலை" ஆயிற்று. விடுதலை என்ற சொல்லில் அரசியல் வாடை அடிக்கிறது என்று ஜெஸீம் சொன்னதால் அது "பரிசீலனை" ஆயிற்று. புருசன் என்பது தனிப்பட்ட விசயம் என்று அதை எடுத்தார்கள். கடைசியில், "மனித உரிமைகள் தொடர்பில் உரிய கவனம் செலுத்துமாறு வலியுறுத்துகின்றோம்" என்று வாக்கியம் வழவழப்பாகி நின்றது. எங்கே தொட்டாலும் கையில் எதுவும் ஒட்டவில்லை.

பிறகு கொழும்பிலிருந்து வரவேற்பு ஒழுங்குகளைக் கவனிக்கும் அம்மையார் ஒருவர் வந்தார். "ஜனாதிபதி அவர்கள் ஏற்கெனவே மனம் நொந்து போயிருக்கிறார்கள். முன்வரிசைகளில் சோகமான முகம் எதுவும் இருக்கக் கூடாது" என்றார்.

"மேடம், நாங்க கூட்டிட்டு வர்றது பாதிக்கப்பட்டவங்க" என்றார் கந்தப்பன் பணிவாக.

"பாதிக்கப்பட்டவர்கள் வரலாம். முகம்தான் கூடாது."

ஆகவே ஒத்திகை மாறியது. சிரித்துக்கொண்டே பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். கலாராணிக்கு இது சீக்கிரம் வந்துவிட்டது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் கங்காணியின் முன்னால் பழகிய முகம்தான் அது. முஷ்ரிபாவுக்குச் சிரிக்கும்போது கண் கலங்கியது. கலங்குகிற கண்ணுக்குத்தான் மதிப்பு அதிகம் என்று கலாராணிக்குத் தோன்றியது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று பெரியாயி சொன்னபோது, "அவளுக்கு மட்டும் எப்படித்தான் கண்ணு அப்படிக் கலங்குதோ" என்று பதில் சொன்னாள்.

அந்த மாதம் தெமோதரையில் ரயில் ஏறியபோது முஷ்ரிபாவின் பக்கத்து இருக்கையில் குடை இல்லை. வெலிமடை உருளைக்கிழங்கு வியாபாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். முஷ்ரிபா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கலாராணி கையில் இருந்த சம்பலோடு அடுத்த பெட்டிக்குப் போனாள். வெறும் சம்பலைத் தின்னவும் முடியவில்லை.

நாள் வந்தது. நகர மண்டபம் நிறைந்து வழிந்தது. இரண்டு பெண்களும் பளிச்சென்று உடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு பையில் மாலை வைத்திருந்தார்கள். ஒருத்தியின் பையை மற்றவள் பார்த்ததும் இருவருக்கும் விளங்கிவிட்டது. மேடை கிடைக்காவிட்டாலும் கேட் இருக்கிறது. ரயிலில் நட்போடு சொன்ன கதையை இப்படித் திருடிவிட்டாளே என்று கலாராணிக்கு ஆத்திரம் வந்தது.

ஜனாதிபதி வந்திறங்கியதும் முதல் மாலை போடுவதற்காகக் கந்தப்பன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினார். பண்டாரவளைத் தலைவர் அவருடைய அக்குளுக்குக் கீழே புகுந்து முந்திவிட்டார். பளிச்சென்று படம் எடுத்தார்கள். அதில் கந்தப்பனின் முழங்கை மட்டும் விழுந்தது.

பிறகு பொன்னாடைகள். வர்த்தகர்கள், சங்கங்கள், கோயில், பள்ளிவாசல், விளையாட்டுக் கழகம். ஒரு கட்டத்தில் ஜனாதிபதியின் மூக்குக் கண்ணாடி மட்டும்தான் வெளியே தெரிந்தது. பேரவைக்கு ஒதுக்கிய நிமிடங்களும் அந்தப் பொன்னாடைகளுக்குள் போய்விட்டன. பாதிக்கப்பட்டவருக்கென்று மேடையில் போட்டிருந்த நாற்காலி காலியாகவே இருந்தது. திரைக்குப் பின்னால் நின்ற இருவரில் யாரை அனுப்புவது என்று ஜெஸீம் முகத்தை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஜனாதிபதி எழுந்து பேசத் தொடங்கினார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"மனித உரிமையைப் பற்றி என்னிடம் எல்லோரும் பேசுகிறார்கள். என்னுடைய மனித உரிமையைப் பற்றி யாராவது பேசினார்களா? அடுத்த மாதம் நான் இப்போது இருக்கும் அரசாங்க வீட்டைக் காலி செய்ய வேண்டும். எனக்கு முன்னால் போனவருக்கு ஏரிப் பக்கம் வீடு கொடுத்தார்கள். அதற்கு முன்னால் போனவருக்கு மாமரம் வைத்த வீடு. எனக்கு என்ன இருக்கிறது? சொந்த வீடு. சொந்த வீட்டில் போய் இருக்கும்படி ஒரு மனிதனிடம் சொல்வது எவ்வளவு கொடூரம் என்பதை நினைத்துப் பாருங்கள். என் சமையற்காரனைக்கூட என்னிடமிருந்து பிரிக்கப் போகிறார்கள். குடும்பத்தைப் பிரிப்பதைவிடப் பெரிய உரிமை மீறல் உண்டா?"

மொழிபெயர்ப்பாளர் கடைசி வரியைச் சொல்லும்போதே விம்மிவிட்டார். மண்டபத்தில் பலர் மூக்கைச் சீந்தினார்கள். ஜனாதிபதியின் கண் கலங்கியது, ஆனால் உதட்டில் சிரிப்பு மாறவில்லை. இவர் ஒத்திகையே இல்லாமல் இதைச் செய்கிறாரே என்று திரைக்குப் பின்னால் நின்ற இரண்டு பேரும் வியந்தார்கள். பேசி முடித்ததும் கால் வலித்ததோ என்னவோ, அவர் பக்கத்திலிருந்த காலி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கந்தப்பன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டார். இனி அவரை நிறுத்த யாராலும் முடியவில்லை.

"எங்கள் பேரவை வாரக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்த பாதிக்கப்பட்டவர் இதோ, தானாகவே அந்த ஆசனத்தில் அமர்ந்திருக்கிறார்! அதிமேதகு ஜனாதிபதி அவர்களின் வீட்டுரிமை தொடர்பில் உரிய கவனம் செலுத்துமாறு, அடுத்து வரப்போகும் ஜனாதிபதி அவர்களை, அவர் யாராக இருந்தாலும், இப்போதே வலியுறுத்துகின்றோம்!"

கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. பண்டாரவளைத் தலைவரின் முகம் கறுத்துப் போனது. அவர்களிடம் இருந்தது ஜெனிவா வரைக்கும் போய் வந்தவர்தான். ஜனாதிபதியே பாதிக்கப்பட்டவராக உள்ள பேரவை இலங்கையில் வேறெங்கும் இல்லை. கந்தப்பனுக்கு அன்று மத்தியானம் சாப்பாடு நன்றாக இறங்கியிருக்கும்.

கலாராணியும் முஷ்ரிபாவும் திரைக்குப் பின்னாலிருந்து வெளியேறிக் கேட்டுக்கு விரைந்தார்கள். ஓடுவதாகத் தெரியக் கூடாது என்று இருவரும் கவனமாக இருந்தார்கள். கேட்டை அடைந்ததும் கலாராணி ஒதுங்கி நின்று மிகுந்த மரியாதையோடு சொன்னாள்:

"நீங்க மொதல்ல போடுங்கக்கா. நீங்க பெரியவங்க."

"சே, என்ன கதை புள்ள. தோட்டத்துலேந்து அவ்ளோ தூரம் வந்தீக்கிறீங்க. நீங்க போடுங்க."

"எனக்கு என்னாங்கக்கா அவசரம். நீங்க புள்ளக்காரி."

"புள்ள ஊட்டுல ஈக்குது. நீங்க போடுங்க, நான் பொறகு போடுறேன்."

இப்படி ஒருவரையொருவர் முன்னால் அனுப்பி அனுப்பி, இருவரும் பின்னால் நகர்ந்துகொண்டே போனார்கள். பார்த்தவர்கள், இந்தக் காலத்திலும் இப்படி ஒரு விட்டுக்கொடுப்பா என்று மெச்சியிருப்பார்கள். கேட்டுத் தூணில் முதுகு முட்டியபோது கறுப்பு வாகனம் வந்தது. பாதையில் அவர்களைத் தவிர யாரும் இல்லை. வாகனம் வேகத்தைக் குறைத்தது.

"போங்கக்கா!"

"நீங்க போங்க!"

அப்போது பின்னாலிருந்து யாரோ மூச்சிரைக்க ஓடிவந்தார்கள். தேசகீர்த்தி கந்தப்பன். அவருக்கு முதல் மாலையில் படம் கிடைக்கவில்லை அல்லவா? அந்தக் குறையைத் தீர்க்க, ஜனாதிபதி கழற்றிப் போட்ட மாலைக் குவியலிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு வந்திருந்தார். ஜெஸீம் போனைத் தூக்கிப் பிடித்தபடி பின்னால் ஓடிவந்தார். இரண்டு பெண்களையும் விலக்கிக்கொண்டு கந்தப்பன் வாகனத்தின் முன்னால் போய் நின்றார்.

கண்ணாடி இறங்கியது. கந்தப்பன் தலையை உள்ளே விட்டு மாலையைப் போட்டார். பெண்களின் மாலைகள் இன்னும் பைக்குள்ளேயே இருந்தன; இனிப் பாதையில் மாலை இல்லை என்பதை ஜனாதிபதி எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டார். அவர் மனசு இளகிப் போயிருக்க வேண்டும். பதவிக் காலம் முழுவதும் தமிழில் "வணக்கம்" என்ற ஒரு சொல்லை மட்டுமே பேசியவர், அந்த மாலையைக் கையால் தடவிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

"என்ன வேணும்?"

பெரியாயி சொன்னது அச்சரம் பிசகாமல் நடந்தது. முஷ்ரிபா கலாராணியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கந்தப்பனின் நீண்ட பொதுவாழ்க்கையில் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. அதற்கு அவர் ஒத்திகையும் பார்த்திருக்கவில்லை. கைகூப்பி, உடல் வளைந்து, கண்ணீரோடு சொன்னார்:

"ஒண்ணும் வேணாங்கய்யா. ஒங்களப் பாத்ததே போதும்."

ஜனாதிபதி தலையசைத்தார். கண்ணாடி மேலே ஏறியது. "ஐயா, எம் புருசன்..." என்று கலாராணி கத்தியது கண்ணாடியில் பட்டுத் திரும்பியது. வாகனம் கேட்டைத் தாண்டி, பண்டாரவளைப் பாதையில் திரும்பிப் போய்விட்டது. படம் நன்றாக வந்திருக்கிறதா என்று கந்தப்பன் ஜெஸீமிடம் கேட்டார். நன்றாகத்தான் வந்திருந்தது.

அடுத்த மாதம் தெமோதரையில் ரயில் ஏறும்போது கலாராணி சம்பல் கொண்டுபோகவில்லை. முஷ்ரிபாவின் பக்கத்து இருக்கையில் குடை கிடந்தது. முஷ்ரிபா அதை எடுத்தாள். வெறும் ரொட்டியை இருவரும் பிய்த்துத் தின்றார்கள். எதிரில் இருந்தவர் போனில் செய்தி வாசித்தார். ஓய்வுபெற்ற ஜனாதிபதி அந்த அரசாங்க வீட்டிலேயே தொடர்ந்து இருக்க மனிதாபிமான அடிப்படையில் அனுமதி கிடைத்துவிட்டதாம். இது ஊவா வலியுறுத்தல் பேரவைக்குக் கிடைத்த வரலாற்று வெற்றி என்று அதன் தலைவர் தெரிவித்திருந்தார்.

"ஒரு தரந்தான் அழுதாரு" என்றாள் கலாராணி.

"ஓ. நமக்கு அந்த மாதிரி அழ வராது" என்றாள் முஷ்ரிபா.

சிறையில் கம்பி வலைக்கு அப்பால் சுரேஸ் மெலிந்து தெரிந்தான். பக்கத்துக் கம்பியில் றில்வான். உள்ளே பத்திரிகை வந்திருக்க வேண்டும்.

"ஜனாதிபதி பதுளைக்கு வந்தாராமே. கேட்டியா புள்ள?" என்றான் சுரேஸ்.

கலாராணிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "நாங்க கேக்கலைங்க. அவருதான் கேட்டாரு."

"என்னா கேட்டாரு?"

"என்னா வேணும்னு."

சுரேஸ் வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "அப்புறம்?"

"ஒண்ணும் வேணாம்னு சொல்லிட்டாங்க."

சுரேஸ் பிடியைத் தளர்த்தினான். பிறகு தோட்டத்தில் மழையா என்று கேட்டான். மழைதான் என்று அவள் சொன்னாள்.

பக்கத்தில் முஷ்ரிபாவின் குரல் கேட்டது.

"கேட்டேன் றில்வான். கையப் புடிச்சிக் கேட்டேன். போகமுந்தி எல்லாம் எழுதி வெச்சிட்டுத்தான் போறேன் எண்டு சொன்னார். இனி வாறவர் செய்யாம ஈக்க ஏலாது எண்டு சொன்னார்."

றில்வானின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்தது. "ஹனாக்கிட்ட சொல்லுங்க" என்றான். "வாப்பா வாறார் எண்டு சொல்லுங்க."

கலாராணி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முஷ்ரிபாவின் பிள்ளையைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறாள், கலங்குகிற கண்ணைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறாள். ஆனால் அன்றைக்கு வந்த பொறாமை போல அவளுக்கு என்றைக்கும் வந்ததில்லை. அந்தப் பொய் தனக்குத் தோன்றாமல் போய்விட்டதே என்று வயிறு எரிந்தது.